கோள்கள் கூடினால் உலகம் அழியுமா?

உலகம் அழியும் நாளைக் குறித்துச் சொல்வோருக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. நாள் குறிப்பார்கள். அந்த நாள் வரும், போகும். பிறகு வேறொரு நாளைக் குறிப்பார்கள். இடையில் அஞ்சி உறக்கம் கெட்டவர்களைப் பற்றி யாரும் கணக்கு வைப்பதில்லை.

இத்தகைய ஆரூடங்களில் அறிவியல் வேடம் மிகப் பொருத்தமாக அமைவது, கோள்களின் சேர்க்கையைக் காட்டிச் சொல்லப்படும் ஆரூடத்திற்கே. கோள்கள் இருப்பது உண்மை. அவை சில சமயம் வானில் ஒரு பக்கமாகக் கூடுவதும் உண்மை. கூடும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பதும் உண்மை. இந்த மூன்று உண்மைகளின் தோளில் ஏறிக்கொண்டு நான்காவதாக ஒரு கூற்று வருகிறது: “ஆகவே அன்று பேரழிவு நிகழும்.” முதல் மூன்றையும் ஒப்புக்கொண்ட வாசகர் நான்காவதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். அந்த நான்காவது கூற்றைத் தனியே பிரித்தெடுத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஜனவரியில் ‘கோள்களின் அணிவகுப்பு’ என்றும், அதே ஆண்டு மார்ச்சில் ‘மீனத்தில் ஆறு கிரகங்கள்’ என்றும் செய்திகள் பரவின. மாணவர்கள் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டி, “இது நிஜமா சார்?” என்று கேட்டார்கள். கேட்ட குரலில் பாதி கேலி, பாதி பயம். அந்தப் பாதிப் பயத்திற்கு மதிப்பளித்து, கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.

எட்டு சாட்சிகளின் வழக்கு

நம் நாட்டில் இவ்வகை அச்சம் உச்சத்தை எட்டியது 1962ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டு கிரகங்கள் கூடின. ‘அஷ்டகிரக சேர்க்கை’ என்று பெயர் பெற்ற இந்நிகழ்ச்சியால் பேரழிவு வரும் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. யாகங்களும் கூட்டு வழிபாடுகளும் நடந்தன. பிரதமர் நேரு இந்த அச்சத்தை நகைப்புக்குரியது என்று ஒதுக்கினார். அன்று விவரம் தெரிந்த சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். அத்தகைய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்.

பிப்ரவரி 5 கடந்தது. 6ஆம் தேதியும் விடிந்தது. அம்மாத இறுதிக்குள் நாட்டு மக்கள் மூன்றாவது பொதுத் தேர்தலில் வாக்களித்தும் முடித்தனர்.

அந்த எட்டுப் பேர் யார் யார் என்று பார்ப்போம். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, கேது. ஒரு வழக்கில் எட்டு சாட்சிகள் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள் என்று சொன்னால், நீதிபதி ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பார் அல்லவா? நாமும் அவ்வாறே செய்வோம்.

முதலில் கேது. இது ஒரு பொருளே அன்று. வானில் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் சந்திரனின் பாதையும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அவ்விரு வெட்டுப்புள்ளிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே ராகு, கேது. கணக்கிற்கு மிகப் பயனுள்ள புள்ளிகள், ஆனால் எடையற்றவை. எடையற்ற புள்ளி எதையும் இழுக்க இயலாது.

அடுத்து சூரியனும் சந்திரனும். மாதந்தோறும் அமாவாசையன்று இவ்விரண்டும் வானில் ஒரே திசையில் இருக்கும். அந்த அமாவாசை, ராகு அல்லது கேதுவின் அருகில் நேர்ந்தால் சூரிய கிரகணம் உண்டாகும். 1962 பிப்ரவரி 5இல் நியூகினி பகுதியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. எனவே கிரகணம் என்று சொன்ன உடனேயே சூரியன், சந்திரன், கேது ஆகிய மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். இதில் தற்செயல் ஏதும் இல்லை.

புதனும் வெள்ளியும் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுபவை. ஆகவே நம் கண்ணுக்குப் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. வெள்ளி 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஒரு ராசியின் அகலம் 30 பாகை. இவ்விரண்டும் சூரியன் இருக்கும் ராசியிலேயே காணப்படுவது அடிக்கடி நிகழ்வதே.

எஞ்சியவை செவ்வாய், வியாழன், சனி. வியாழனும் சனியும் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானில் சந்திக்கின்றன. அவை 1961 பிப்ரவரியில் சந்தித்திருந்தன. ஓராண்டு கழித்தும் அருகருகேதான் இருந்தன. அந்த வேளையில் செவ்வாயும் அப்பக்கம் வந்து சேர்ந்தது. ஆக, எட்டு சாட்சிகளில் ஒருவர் இல்லாதவர். நால்வர் அடிக்கடி ஒன்றுகூடுபவர்கள். மூவர் மட்டுமே தற்செயலாக வந்தவர்கள். அரிய காட்சிதான், ஆனால் கடிகாரத்தின் மூன்று முட்களும் பன்னிரண்டு மணிக்கு ஒன்று சேர்வதைப் போன்ற அருமை. முட்கள் சேர்ந்ததால் கடிகாரம் உடைந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வானில் ஒரே திசையில் தெரிவது வேறு, அருகருகே இருப்பது வேறு. மாலையில் திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று மேற்கே பாருங்கள். ஊரின் தெருவிளக்கு, அதற்குப் பின்னே கொடைக்கானல் மலையின் விளிம்பு, அதன் மேல் வெள்ளிக்கோள் என மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரியலாம். விளக்கு சில நூறு மீட்டர் தொலைவில் இருக்கிறது. மலை பல கிலோமீட்டர் தொலைவில். வெள்ளியோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். 1962இல் நடந்ததும் இதுவே. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்றும் சூரியன் இருந்த திசையில் தெரிந்தன என்றால், அவை சூரியனுக்கு அப்பால் இருந்தன என்று பொருள். அதாவது, எந்தக் கோள்கள் கூடி நம்மை நசுக்கப் போவதாகச் சொன்னார்களோ, அவை பூமியை விட்டு ஏறக்குறைய மிகத் தொலைவில் இருந்த நாட்கள் அவை!

இழுவிசையின் கணக்கு

“தொலைவில் இருந்தாலும் ஈர்ப்பு விசை உண்டல்லவா?” என்று சிலர் கேட்கலாம். உண்டு. நியூட்டன் விதிப்படி அண்டத்திலுள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொன்றையும் இழுக்கிறது. ஆனால் நிலத்தைப் பிளப்பதற்கும் கடலைப் பொங்கச் செய்வதற்கும் வெறும் இழுப்பு போதாது.

ஓடும் ரயிலை எண்ணிப் பாருங்கள். பெட்டி, பயணி, பயணியின் கையிலுள்ள தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் ஒரே வேகத்தில் செல்லும்வரை தண்ணீர் தளும்புவதில்லை. பெட்டி ஒரு வேகத்திலும் தண்ணீர் வேறு வேகத்திலும் செல்ல முற்படும்போதுதான் தளும்புகிறது. அதுபோலவே ஒரு கோள் பூமி முழுவதையும் ஒரே அளவில் இழுத்தால் பூமியில் எந்த நெளிவும் ஏற்படாது. பூமியின் அருகுப் பக்கத்தைச் சற்று அதிகமாகவும் மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கும்போது, அந்த வேறுபாடுதான் பூமியை நெளிக்கிறது. கடலில் நாம் காணும் ஏற்றவற்றமாகிய ஓதம் இதன் விளைவே.

இந்த ஓத விசை, இழுக்கும் பொருளின் நிறை கூடக் கூடும். ஆனால் தொலைவு கூடினால், தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்துவிடும். தொலைவு 2 மடங்கானால் விசை எட்டில் ஒரு பங்கு. 10 மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேல்நிலைப் பள்ளி மாணவர் எவரும் நிறைகளையும் தொலைவுகளையும் பாடநூலில் இருந்து எடுத்துத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். விடை இவ்வாறு வரும்.

சந்திரனின் ஓத விசையை 1 என்று கொண்டால், சூரியனுடையது சுமார் 0.46. வெள்ளி நமக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் ஓத விசை சந்திரனுடையதில் 19,000இல் ஒரு பங்கு. வியாழன் மிக அருகில் வரும்போது 1,70,000இல் ஒரு பங்கு. செவ்வாய் சுமார் மூன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. சனி ஏறத்தாழ 50 லட்சத்தில் ஒரு பங்கு. திறந்த கடலில் சந்திரன் எழுப்பும் ஏற்றவற்றம் சுமார் அரை மீட்டர். அப்படியானால் வெள்ளி எழுப்புவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. தலைமுடியின் தடிமனே இதைவிட அதிகம்.

இனி ஓர் ஒப்பீடு. சந்திரனின் பாதை சரியான வட்டம் அன்று. ஆகவே அது மாதத்தில் ஒருமுறை அருகில் வருகிறது. ஒருமுறை விலகிச் செல்கிறது. இதனால் மட்டும் அதன் ஓத விசை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிக் குறைகிறது. மேலே சொன்ன கோள்கள் அனைத்தும் பூமிக்கு மிக அருகில் வந்து, ஒரே கோட்டில் நின்று, ஒன்றாக இழுத்தாலும் கிடைப்பது சந்திரனின் விசையில் 0.006 விழுக்காடு. மாதாமாதம் இதைப்போல 6,000 மடங்குக்கும் மேற்பட்ட மாறுதலைத் தாங்கிக்கொண்டு நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

படித்தவர்களும் சறுக்கிய இடம்

ஆரூடக்காரர்களை மட்டும் குறை சொன்னால் விமரிசனம் நேர்மையாகாது. 1974இல் ‘வியாழன் விளைவு’ என்ற ஆங்கில நூல் வெளிவந்து பரபரப்பாக விற்பனையாயிற்று. எழுதியவர்கள் ஜான் கிரிபின், ஸ்டீபன் பிளேஜ்மன் என்னும் வானியற்பியல் படித்த இருவர். முன்னுரை எழுதியவர் ஐசக் அசிமோவ்.

அவர்கள் கோள்கள் நேரடியாகப் பூமியைப் பிளக்கும் என்று சொல்லவில்லை. ஒரு நீண்ட சங்கிலியைக் கோத்தார்கள். 1982இல் கோள்கள் சூரியனுக்கு ஒரு பக்கமாகக் கூடும். அதனால் சூரியனில் ஓதம் எழும். அதனால் சூரியப் புள்ளிகள் பெருகும். அதனால் சூரியனில் இருந்து வீசும் துகள்கள் அதிகமாகும். அவை பூமியின் காற்று மண்டலத்தைத் தாக்கும். அதனால் பூமியின் சுழற்சி ஒரு சிறிது மாறும். அதனால் கலிஃபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு நழுவி லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் அழியும்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்க்கலாம். கோள்கள் சூரியனில் எழுப்பும் ஓதத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவிற்குத்தான் வருகிறது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர்! 1982 மார்ச் 10இல் கோள்கள் ‘நேர்கோட்டில்’ நின்றதாகச் சொன்னார்கள். உண்மையில் அவை சூரியனைச் சுற்றிச் சுமார் 95 பாகை அகலத்தில் பரந்து கிடந்தன. கால் வட்டமே 90 பாகைதான். அதற்கும் அதிகமான ஒன்றை நேர்கோடு என்று எந்த வடிவியல் ஆசிரியர் ஒப்புக்கொள்வார்?

சூரியப் புள்ளிகளைப் பற்றி அறிய நாம் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலையில், 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாட்களிலெல்லாம் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இத்தகைய ஆய்வுக்கூடங்களின் பதிவுகள் காட்டுவது என்ன? சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அந்தச் சுற்றின் உச்சம் 1979இன் இறுதியிலேயே வந்துவிட்டது. கோள்கள் கூடிய 1982 மார்ச்சில் புள்ளிகள் இறங்குமுகத்தில் இருந்தன. சங்கிலியின் நடுக்கண்ணி அங்கேயே அறுந்துவிட்டது.

பெல்ஜிய நாட்டு வானியல் கணிதர் ஜான் மீயஸ் 1975இலேயே இந்நூலின் பிழைகளை எடுத்துக்காட்டினார். கிரிபினும் 1980இல் அக்கருத்தைக் கைவிடுவதாக எழுதினார். அத்துடன் நின்றிருந்தால் பாராட்டியிருக்கலாம். ஆனால் 1982இல் அதே இருவரும் மறு ஆய்வு என்று இன்னொரு நூலை வெளியிட்டு, அந்த விளைவு 1980இலேயே நிகழ்ந்துவிட்டது என்றும், அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது அதனால்தான் என்றும் கூறினார்கள். 1980இல் அந்தக் கோள் சேர்க்கையே இல்லை. காரணம் இல்லாமலே காரியம் நடந்துவிட்டதாம்! தம் கொள்கைமீது ஆசை வைத்துவிட்டால் முறைப்படி அறிவியல் பயின்றவர்களும் எவ்வாறு சறுக்குவர் என்பதற்கு இது நல்ல பாடம். பின்னாளில் கிரிபின் அந்நூலில் பங்கு கொண்டதற்காகவே வருந்தினார்.

பழமையின் போர்வை

கோள்களின் கணக்கு கைகொடுக்காதபோது ஆரூடக்காரர்கள் பழைய நாகரிகங்களின் மர்மத்தைத் துணைக்கு அழைப்பார்கள். 2000ஆம் ஆண்டு மே 5இல் கோள்கள் கூடும்போது தென்துருவப் பனிப்பாறை பெயர்ந்து உலகை மூழ்கடிக்கும் என்று ரிச்சர்ட் நூன் என்பவர் ஒரு நூல் எழுதினார்; எகிப்தின் பெரிய பிரமிடையும் அதற்குச் சாட்சியாக்கினார். 2012 டிசம்பர் 21இல் உலகம் முடியும் என்று மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் கணித்துவிட்டதாக இன்னொரு கதை. திரைப்படம்கூட வந்தது.

மாயா மக்கள் சொன்னது உண்மையில் என்ன? அவர்கள் நாட்களை எண்ணும் முறையில் 1,44,000 நாட்கள் ஒரு பக்தூன். கி.மு. 3114இல் தொடங்கும் கணக்கில் 13 பக்தூன்கள் 2012 டிசம்பரில் நிறைந்தன. அவ்வளவே. அவர்களுடைய பலெங்கே நகரக் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772ஆம் ஆண்டில் வரும் ஒரு நாளையும் குறிப்பிடுகிறது. 2012இல் உலகம் முடியும் என்று நம்பியவர்கள் 4772க்கு நாள் குறிப்பார்களா?

நம் நாட்டுக் கலியுகக் கணக்கையும் இதே கண்ணால் பார்க்கலாம். கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரியில் தொடங்கியதாகவும், அப்போது கோள்கள் யாவும் ஒன்று கூடியிருந்ததாகவும் மரபு சொல்கிறது. மாயா கணக்கும் கலியுகக் கணக்கும் 12 ஆண்டு இடைவெளியில் தொடங்குகின்றனவே என்று மர்மப் பிரியர்கள் வியப்பார்கள். இரண்டுமே பிற்காலத்தவர் பின்னோக்கிக் கணக்கிட்டு நிறுத்திய தொடக்கங்கள் என்பதை அவர்கள் நினைவில் கொள்வதில்லை.

கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதியுள்ளார். அது கி.பி. 499. அவர் காலத்து வானியலார் கோள்களின் சராசரி வேகத்தை அறிந்திருந்தனர். எல்லாக் கோள்களும் ஒரே புள்ளியில் இருந்து புறப்பட்டதாக ஒரு தொடக்க நாளை வைத்துக்கொண்டால் கணக்கிடுவது எளிது. பந்தய ஓட்டத்திற்குக் கோடு போடுவது போன்றது இது. இன்றைய கணக்குப்படி பார்த்தால் அன்று கோள்கள் ஒரே புள்ளியில் இல்லை. வானில் ஓர் அகன்ற வில்லில் சிதறித்தான் இருந்தன. அதனால் ஆரியபட்டருக்குக் குறைவு ஏதும் இல்லை. ஒரு கருவியாக அவர் பயன்படுத்திய எண்ணை, அச்சமூட்டும் மந்திரமாக மாற்றியவர்கள் மீதே குறை. கிரகணத்தை நிழலின் விளைவு என்று தெளிவாக விளக்கியவர் அவர்.

மேலும் ஒரு செய்தி. மரபுப்படி கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள். கழிந்தவை 5,100க்குச் சற்று அதிகம். அப்படியானால் இன்னும் 4 லட்சத்து 26 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. கலி முற்றிவிட்டது, அடுத்த மாதம் அழிவு என்போர் தாம் போற்றும் நூலின் கணக்கையே படிக்கவில்லை.

எந்தச் சாவிக்கும் திறக்கும் பூட்டு

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். 2025 மார்ச் 29இல் மீன ராசியில் ஆறு கிரகங்கள் கூடும், சூரிய கிரகணமும் சேரும், ஆபத்து என்று ஆரூடம் சொன்னார்கள். மார்ச் 28இல் மியான்மரில் மாண்டலே நகரின் அருகே 7.7 அளவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பல்லாயிரம் குடும்பங்கள் துயருற்றன. “இதற்கு என்ன சொல்கிறீர்கள் சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

உலகில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 15 ஏற்படுகின்றன. அதாவது மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒன்று. நாட்காட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியின்மேல் விரலை வையுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம் என்று எடுத்துக்கொண்டால், அக்காலத்திற்குள் உலகில் எங்கேனும் அத்தகைய நிலநடுக்கம் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. ‘ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஓர் ஆபத்து, அந்தத் தேதியை ஒட்டி’ என்று சொன்னால் வெள்ளம், புயல், விமான விபத்து, போர் எல்லாம் கணக்கில் சேரும். பிறகு தவறுவது எப்படி?

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். எந்தச் சாவியைப் போட்டாலும் திறந்துகொள்ளும் பூட்டை இங்கே யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் பலித்துவிடும் ஆரூடமும் அத்தகைய பூட்டே. ‘மார்ச் 28 பகல், மாண்டலே அருகே, 7.7 அளவு’ என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர் யார்? ஒருவருமில்லை.

அங்கே நிலநடுக்கம் வரும் என்பதை அறிய ராசிக்கட்டமும் தேவையில்லை. மியான்மரை வடக்கு தெற்காகப் பிளந்து செல்லும் சகாய்ங் நிலப்பிளவு 1,200 கிலோமீட்டருக்கும் நீளமானது. 1839, 1930, 1946, 2012 ஆகிய ஆண்டுகளிலும் அப்பிளவு நழுவியிருக்கிறது. அங்கே பெரும் நிலநடுக்கம் வரக்கூடும் என்று நிலவியலார் பல ஆண்டுகளாகவே சொல்லி வந்தனர். நாளைச் சொல்ல அவர்களால் முடியவில்லை. முடியாது என்பதையும் மறைக்கவில்லை. ஓதம் சில நிலப்பிளவுகளைச் சிறிது தூண்டக்கூடுமா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சி சந்திரன், சூரியன் ஆகிய இரண்டின் ஓதத்தைப் பற்றியது.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்தில் நுழைந்த நாள் 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படியோ சனிப்பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான் என்று திருநள்ளாறு கோயில் அறிவித்தது. ஆகவே ஒரு பஞ்சாங்கப்படி மீனத்தில் ஆறு கிரகங்கள், மற்றொன்றின்படி ஐந்துதான்! வானத்தில் சனி இருந்தது ஒரே இடத்தில். ராசியின் எல்லைக்கோடு மனிதன் வரைந்தது. அந்தக் கோட்டைத் தாண்டுவது நிலத்தடிப் பாறைக்கு எவ்வாறு தெரியும்?

வரலாற்றையும் புரட்டிப் பாருங்கள். 1186இல் கோள்கள் துலாத்தில் கூடியபோது ஐரோப்பாவில் பெரும் சூறைக்காற்று வரும் என்றார்கள். துலாம் அவர்களுக்குக் காற்று ராசி. 1524இல் மீனத்தில் கூடியபோது பெருவெள்ளம் என்றார்கள். மீனம் நீர் ராசி. 1919 டிசம்பரில் ஆல்பர்ட் போர்ட்டா என்பவர் கோள்களின் காந்த சக்தி சூரியனையே துளைக்கும் என்றார். அது மின்சாரமும் காந்தமும் மக்களை மயக்கிய காலம். 1982இல் நிலநடுக்கம், 2000இல் பனிப்பாறை. காரணம் மாறுகிறது, அழிவின் வகை மாறுகிறது. அச்சம் மட்டும் மாறவில்லை.

நமக்குத் தேவையான எச்சரிக்கை

“போகட்டும், நம்புகிறவர்கள் நம்பட்டும்; யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் உண்டு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு ரயிலும் கடலில் போயிற்று. அன்று எட்டு கிரகங்கள் கூடவில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் பெயர்ந்தது. அலை தமிழகக் கரையை எட்டச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அன்றும் எந்தச் சேர்க்கையும் பேசப்படவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்ற ஒருவர் உள்நோக்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து செல்ல அரை மணி போதும். இல்லாமற் போனது நேரம் அன்று. அலை வருகிறது என்ற செய்தி. பசிபிக் கடல் நாடுகளுக்கு 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. 2007இல்தான் ஹைதராபாத்தில் நமக்கென ஒன்று அமைந்தது. கடலடி அழுத்தத்தை அளக்கும் கருவி, நிலநடுக்கமானி, விரைவாகக் கணக்கிடும் பொறி, கரைவரை செய்தி சேர்க்கும் ஏற்பாடு ஆகியவையே மனித உயிரைக் காப்பவை.

மக்களின் அச்சம் ஓர் அரிய பொருள். அதை உரிய இடத்தில் செலவிட வேண்டும். பொய் அபாயத்திற்குப் பத்துமுறை அஞ்சி ஏமாந்த ஊர், பதினோராவது முறை ஒலிபெருக்கியில் உண்மையான எச்சரிக்கை வரும்போது, “இதுவும் அப்படித்தான்” என்று படுத்துறங்கிவிடக்கூடும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஆரூடம் வரும்போது கேலியும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து மூன்று கேள்விகளை எழுதுங்கள். எந்த இடத்தில்? எந்த நாளில்? என்ன அளவில்? ஆரூடக்காரர் சொன்ன விடையை அந்த நாளுக்கு முன்பே எழுதிவிடுங்கள். விடை இல்லையென்றால், ‘விடை இல்லை’ என்றே எழுதுங்கள். நாள் கடந்தபின் திருப்பிப் பாருங்கள். அறிவியல் செய்யும் வேலையும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த நோட்டில் இப்போதே எழுதி வைக்க ஒரு தேதி தருகிறேன். 2040 செப்டம்பர் 8ஐ ஒட்டிய மாலைகளில் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் ஏறக்குறைய 10 பாகை அகலத்திற்குள் கூடி நிற்கும்; இளம்பிறையும் அருகில் வரும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது மறைக்கும் அளவு இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களும் அடங்கிவிடும். அன்று உலகம் முடியும் என்று சொல்ல நிச்சயம் ஆள் வரும். இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிராது. மேகம் மறைக்காதிருந்தால், சூரியன் மறைந்தபின் உயரமான இடத்தில் நின்று மேற்கே பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக் காட்டுங்கள்.